தில்லைவனமும் அதன் மக்களும்



சிதம்பரத்தில் நின்றுகொண்டு காட்டைப்பற்றிப் பேச முற்படுகிறவனுக்கு ஒரு வசதியும் ஒரு சங்கடமும் சேர்ந்தே வாய்க்கின்றன. இந்நகரத்தின் ஸ்தலபுராணமே ஒரு வனத்தின் கதையாக இருப்பதால், கேட்போர் அனைவர்க்கும் காடு முன்பே அறிமுகமான பொருளாக இருக்கிறது என்பது வசதி. அந்த வனத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தை இவ்வவையில் எத்தனை பேர் நேரில் கண்டிருக்கிறோம் என்று கேட்டால் கைகள் அதிகம் உயரா என்பது சங்கடம். தில்லைக் கூத்தன் என்றும், தில்லை மூவாயிரவர் என்றும், தில்லைக்காளி என்றும் நாள்தோறும் நாம் உச்சரிக்கிற அந்த மரம், நகரத்தின் நான்கு வீதிகளிலும் இல்லை. ஆனால் அது அழிந்துபோன மரமும் அன்று. கிழக்கே பத்து மைலுக்குள், கிள்ளையைத் தாண்டிப் பிச்சாவரத்துக் கழிகளின் ஓரத்தில், உப்புச் சேற்றில் வேரூன்றி அது இன்றும் வாழ்கிறது. ஸ்தலபுராணம் போற்றுகிற வனமும், அரசாங்கப் படங்களில் பிச்சாவரம் ரிசர்வ் காடு என்று குறிக்கப்படுகிற வனமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை என்னும் எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டே என் சொற்பொழிவை அமைத்துக்கொள்கிறேன்.

முதலில் மரத்தைச் சொல்லிவிடுகிறேன். தில்லை பெரிய விருட்சம் அன்று. ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்களாக நிற்கும். உதிர்வதற்கு முன் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறி, பசுமையைத் தவிர வேறு நிறமறியாத அந்தக் கழிக்கரையில் அதனைத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். கிளையை ஒடித்தால் வெண்பால் சுரக்கும்; அந்தப் பால் தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுத்துவிடும். விறகுக்குச் செல்வோர் மற்ற மரங்களை வெட்டிவிட்டுத் தில்லையை விட்டுவைத்ததற்கு இந்தப் பாலே காரணம் என்று கழிக்கரை மக்கள் சொல்வதுண்டு. அதே பாலையும் பட்டையையும் வைத்தியர்கள் சரும நோய்களுக்குப் பயன்படுத்தியும் வந்திருக்கிறார்கள். அலை நேராக மோதுகிற இடத்தில் தில்லை நிற்பதில்லை. அங்கே சுரபுன்னை தன் தாங்குவேர்களை ஊன்றி நிற்கும், அதற்குப் பின்னே வெண்கண்டல் மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு பரவும், அதற்கும் பின்னே, வெள்ளம் எப்போதாவது ஏறுகிற சற்று உயர்ந்த நிலத்தில், தில்லை இடம்பிடிக்கும். கடலுக்கும் ஊருக்கும் நடுவே, ஊர்ப்பக்கமாக நிற்கிற மரம் அது. கழிகள் உள்நாட்டுக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்திருந்த ஒரு காலத்தில் அதன் எல்லை இந்நகரம்வரை நீண்டிருக்கும் என்று கருதுவது இயற்கைக்கு மாறான ஊகம் ஆகாது.

சங்கப் புலவர்கள் இந்நிலத்தை நுணுக்கமாக அறிந்திருந்தார்கள். நற்றிணையின் நெய்தற் பாட்டொன்றில், கரிய கழியில் கொழுத்த மீனைத் தின்ற நீர்நாய்க் குட்டி தில்லைப் புதரில் சென்று உறங்குகிறது. தலைவியின் துயரைச் சொல்ல வந்த பாட்டில் இந்தக் காட்சி நுழைவதற்கு அலங்காரம் மட்டும் காரணம் ஆகாது. நீர்நாய் மீனை எங்கே பிடிக்கும், பிடித்த பின் எங்கே ஒதுங்கும் என்பதைக் கண்ணால் கண்டவன் எழுதிய வரிகள் அவை. பிச்சாவரத்தில் நீர்நாய் இன்றும் உண்டு. நரியும் உடும்பும் உண்டு. பறவைகள் மட்டும் 170 இனங்களுக்கு மேல் பதிவாகியிருக்கின்றன. சுமார் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கவிதையின் விலங்கும் மரமும் மீனும் சேர்ந்து ஒரே இடத்தில் இன்னும் உயிரோடிருப்பது எல்லா நாட்டுக்கும் வாய்க்கிற பாக்கியம் அன்று.

இனி ஸ்தலபுராணத்துக்கு வருவோம். பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் இயற்றிய கோயிற்புராணம் விரித்துரைக்கும் கதை நமக்கெல்லாம் தெரிந்ததே. மத்தியந்தன முனிவரின் குமாரர் தில்லைவனத்துக்கு வருகிறார். வண்டு தீண்டாத மலர்களால் இறைவனை அர்ச்சிக்க விரும்புகிறார். பொழுது விடிந்தால் வண்டு முந்திக்கொள்கிறது, விடியுமுன் சென்றாலோ இருளில் கண் தெரியவில்லை, பனியில் நனைந்த மரத்தில் கால் வழுக்குகிறது. ஆகவே கைகளிலும் கால்களிலும் புலியின் நகமும், இருளில் காணும் கண்ணும் வேண்டுமென்று வரம் கேட்டுப் பெற்று, வியாக்கிரபாதர் ஆகிறார். இந்தக் கதையைப் பக்தியின் உயர்வுக்கு எடுத்துக்காட்டாகவே நாம் பன்னெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம், அது சரியே. ஆயினும் அதில் அடங்கியிருக்கிற மற்றொரு பொருள் என் மனத்தை நீண்டகாலமாகப் பற்றியிருக்கிறது. மலர் பறிக்க இடையூறாக இருந்த மரங்களை வெட்டிப் பாதை அமைத்துத் தரும்படி அந்த முனிவர் வரம் கேட்கவில்லை. வண்டுகளை விரட்டும்படி கேட்கவில்லை. காட்டுக்கு ஏற்றபடி தம் உடம்பை மாற்றித் தரும்படி கேட்டார். காட்டுக்குள் வாழ விரும்புகிறவன் காட்டின் பிராணிகளுள் ஒன்றாகத் தன்னை ஆக்கிக்கொள்ள வேண்டும் என்னும் உண்மையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் வேறொரு புராணத்தை நான் அறியேன். பிற்காலத்தில் இக்காட்டுக்கு நேர்ந்த துன்பங்கள் அனைத்தும் இதற்கு நேர்மாறான எண்ணத்திலிருந்து விளைந்தவை என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

கழிமுகக் காட்டில் புலியா என்று ஐயுறுவோர் வங்காளத்துச் சுந்தரவனத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கேவா என்ற பெயரால் வழங்குவது நம்முடைய தில்லை மரமேதான். அதன் நிழலில் புலிகள் இன்றும் உலவுகின்றன. தேன் எடுக்கவும் நண்டு பிடிக்கவும் அக்காட்டுக்குள் நுழைகிற ஏழை ஜனங்கள், ஹிந்துக்களும் முஸ்லிம்களுமாக, பொன்பீபி என்னும் வனதேவதையை வணங்கிவிட்டே படகிலிருந்து கால் இறக்குகிறார்கள். தேவைக்கு மேல் எடுக்கிறவனை அத்தேவதை காப்பதில்லை என்பது அவர்களுடைய நம்பிக்கை.

கடலூர் மாவட்டத்தின் வடபாகத்துக்கும் வியாக்கிரபாதரோடு சம்பந்தம் உண்டு. கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரும் வியாக்கிரபாதர் வழிபட்ட ஸ்தலம் என்பது ஐதிகம். அங்கே ஸ்தலவிருட்சம் பாதிரி. கெடில நதிக்கரையில் பாதிரியும் கொள்ளிடத்து முகத்தில் தில்லையுமாக இரண்டு வனங்கள் இரண்டு ஊர்களுக்குப் பெயராக நின்றுவிட்டன. மரங்கள் ஊர்களைவிட்டு நீங்கிவிட்டன. இதற்கு மாறாக, புராணமும் கோபுரமும் இல்லாத சிற்றூர்கள் சில தம் காட்டை நிஜமாகவே காப்பாற்றியிருக்கின்றன. கடலூரை ஒட்டிய குழந்தைக்குப்பத்திலும் திருமாணிக்குழியிலும் எஞ்சியிருக்கிற உலர் பசுமைமாறாக் காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துத் தாவரவியல் அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட கோயிற்காடுகளில், இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றிவரும் ஐயனாரின் சொத்து என்று கருதி, உதிர்ந்த சுள்ளியைக்கூட வீட்டு அடுப்புக்கு எடுத்துப்போக அஞ்சினார்கள் மக்கள். சோழமண்டலக் கரையின் ஆதிக் காடு எப்படியிருந்தது என்பதை இன்று தாவரவியலார் கற்றுக்கொள்வது அந்த அச்சம் மிச்சம்வைத்த சில ஏக்கர் நிலத்திலிருந்துதான். ஆயினும் கதை இருந்தால் காடு பிழைத்துவிடும் என்று பொதுவிதி வகுக்க என்னால் இயலாது. தமிழ்நாட்டிலேயே மிகப் புகழ்பெற்ற வனக்கதை வழங்குகிற இந்நகரத்தில் கதை தங்கியது, மரம் தங்கவில்லை. ஐயனார் காட்டில் கதையோடு ஒரு நடைமுறையும் சேர்ந்திருந்தது: எதை எடுக்கலாம், எதை எடுக்கலாகாது என்பது ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

காட்டை வெறும் எரிபொருளாகக் கண்ட ஒரு யுகம் இம்மாவட்டத்தில் எப்போது தொடங்கியது என்று தேடினால், பரங்கிப்பேட்டை கண்ணில் படுகிறது. 1830-இல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் அங்கே ஓர் இரும்பாலையை நிறுவினார். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்க முயன்ற ஆரம்பகால ஆலைகளுள் அது ஒன்று. கனிமம் சேலத்து மலைகளிலிருந்து வந்தது. உலைகளுக்கு நிலக்கரி இல்லை, மரக்கரியே உண்டு. ஒரு டன் இரும்புக்கு அதைப்போல் பன்மடங்கு கரியும், அந்தக் கரிக்கு அதைப்போல் பன்மடங்கு மரமும் வேண்டியிருந்தன என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த உலைகளின் வாய்க்குள் எத்தனை காடுகள் சென்றன என்பது ஒருவாறு விளங்கும். பிறகு ஆலை நொடித்து மூடப்பட்டது, காடு மீளவில்லை. 1856-இல் சென்னை மாகாணத்தில் காட்டிலாகா அமைந்து, கிளெக்கார்ன் அதன் தலைமை அதிகாரியானதும், 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்ததும், இத்தகைய அழிவுகளைக் கண்டு அரசு விழித்துக்கொண்டதன் விளைவுகள். ஆனால் விழித்த அரசின் கண்ணுக்கும் காடு மரக்கிடங்காகவே தெரிந்தது. இடையறாமல் எடுக்க வேண்டும், ஆகையால் முறைவைத்து எடுக்க வேண்டும் என்பதே அக்காலத்து வன சாஸ்திரம்.

அந்த சாஸ்திரம் பிச்சாவரத்தில் செய்ததை நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இன்றைய சொற்பொழிவின் உயிர்நிலை அதுவே.

கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் இடையே, சிறிய தீவுகளும் அவற்றைப் பின்னிச் செல்லும் எண்ணற்ற வாய்க்கால்களுமாகப் பரந்துள்ள இக்காடு, ஒவ்வொரு நாளும் இருமுறை கடலிடமிருந்து நீரைப் பெற்று இருமுறை திருப்பித் தருகிறது. வெண்கண்டலின் இலைகள் உள்ளே ஏறிய உப்பை மேற்பரப்பில் கக்கிவிடுகின்றன. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட முளைக்காம்போடு சேற்றில் விழுந்து அங்கேயே நிமிர்கிறது, அல்லது நீரில் மிதந்து வேறோர் இடம் தேடுகிறது. உதிர்ந்த இலைகளைச் சிறு நண்டுகள் தம் வளைக்குள் இழுத்துச் செல்கின்றன. அழுகிய இலைத்தூள் இறால் குஞ்சுகளுக்கு உணவாகிறது. கடலில் பிறந்த அக்குஞ்சுகள் இவ்வேர்களுக்கிடையே வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. கரையோரத்துச் செம்படவர் வலையில் விழுகிற இறாலில் பெரும்பகுதி இந்த நிழலில் வளர்ந்ததாகவே இருக்கும்.

இத்தகைய காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து முற்றாக வெட்டி எடுக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, 1970-கள் வரையில் நடந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே துளிர்த்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். பல இடங்களில் துளிர்க்கவில்லை. நாளடைவில் காட்டின் நடுவே உப்புப் பூத்த வெற்றுத்தரைகள் பெருகின. உமிரியைத் தவிர வேறொன்றும் முளைக்காத அத்தரைகளைக் கண்டவர்கள், பக்கத்து ஜனங்கள் மாடு மேய்ப்பதாலும் விறகு வெட்டுவதாலும் காடு அழிகிறது என்று காரணம் கற்பித்தார்கள். குற்றம் ஏழையின் கோடரிமேலும் அவன் மாட்டின்மேலும் விழுந்தது. அதற்கேற்பக் கட்டுப்பாடுகளும் இறுகின.

இந்தத் தீர்ப்பை மறுவிசாரணை செய்தவர்கள் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார். 1990-களில் முனைவர் வி. செல்வம் முதலிய விஞ்ஞானிகள் மண்ணையும் நீரையும் அளந்து, கிராமத்தாரோடு உட்கார்ந்து பேசி, வேறொரு காரணத்தைக் கண்டறிந்தார்கள். ஒரு பரப்பை முற்றாக வெட்டியபோது நிழலிழந்த சதுப்பு நிலம் வெயிலில் காய்ந்து சுருங்கிச் சற்றே தாழ்ந்தது. தாழ்ந்த நிலம் விளிம்புயர்ந்த தட்டைப்போல் ஆனது. ஏறுகிற வெள்ளம் அதற்குள் புகுந்து, வடிய வழியின்றித் தேங்கியது. தேங்கிய நீர் ஆவியாக, உப்பு மட்டும் ஒவ்வொரு முறையும் சேர்ந்துகொண்டே போயிற்று. உப்பையே உணவாகக் கொண்டது போன்ற கண்டலுக்கும் தாங்காத அளவுக்கு அவ்வுப்பு ஏறியது. ஆக, காட்டை அழித்தது மாடு அன்று. காட்டை வளர்ப்பதாக எண்ணி வகுத்த திட்டமே அழித்தது. நெடுங்காலமாக ஒரு ஜனசமூகத்தின்மேல் சுமத்தப்பட்டிருந்த பழி ஒரு மட்டக்கோலின் சாட்சியால் நீங்கிய இச்சம்பவத்தை நம் பாடப்புத்தகங்கள் சொல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

காரணம் தெரிந்தபின் மருந்து எளிதாயிற்று. தேங்கிய நீர் வடியவும் புதுநீர் ஏறவும் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால்களை வெட்டினார்கள். நடுவே ஒரு பெருவாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள். உப்பு கழுவப்பட்டது. கரைகளில் வெண்கண்டலையும் சுரபுன்னையையும் நட்டார்கள். வெட்டியவர்களும் நட்டவர்களும், வாய்க்காலில் வண்டல் படியும்போது தூர்வாரியவர்களும், எந்தக் கிராமத்தார்மேல் முன்பு பழி இருந்ததோ அந்தக் கிராமத்தாரே. வனத்துறையும் அவர்களும் சேர்ந்து நிர்வகிக்கும் முறை ஏற்பட்டது. 1986-இலும் 2002-இலும் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது, பிச்சாவரத்தின் மரப்பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. நம் நாட்டில் காடு தேய்ந்த கணக்குகள் மிகுதி. வளர்ந்த கணக்கு இப்படி ஒன்றிரண்டே.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப்பின், 2004 டிசம்பர் 26 காலையில், கடல் எழுந்து வந்தது. அந்த நாளைப்பற்றி இவ்வவைக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. கடல்முகத்தில் மணல்திட்டுகளின்மேல் இருந்த எம்.ஜி.ஆர். திட்டும் சின்னவாய்க்காலும் பில்லுமேடும் சிதைந்தன. உயிர்தப்பியவர்கள் கிள்ளைப் பக்கத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். காட்டுக்குப் பின்னே இருந்த ஊர்களில் நீர் வேகமிழந்து வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் மையத்தைச் சேர்ந்த பேராசிரியர் க. கதிரேசன் இவ்வூர்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடு அலையின் உக்கிரத்தைத் தணித்தது என்று 2005-இல் எழுதினார். அதே ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்றும் கடலூர்க் கடற்கரையை வைத்தே இதையொத்த முடிவுக்கு வந்தது. வேறு அறிஞர்கள் அக்கணக்கை மறுபடி ஆராய்ந்து, கடலிலிருந்து ஊரின் தூரமும் நிலத்தின் உயரமுமே உயிர்களைக் காத்திருக்கக்கூடும் என்று மறுப்புரைத்தார்கள். இவ்விவாதத்தில் என் அபிப்பிராயத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். மறுப்பில் நியாயம் உண்டு. மரம் எல்லா அலையையும் தடுத்துவிடும் என்ற நம்பிக்கையில் கடற்கரையில் மனிதர்களைக் குடியேற்றுவது அவர்கள் உயிரோடு விளையாடுவதாகும். ஆனால் காடு இருந்தமையாலேயே ஊர்கள் கடலைவிட்டு விலகி உள்ளே அமைந்தன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தூரம் என்று அவர்கள் தனியாகப் பிரித்த காரணம், காடு உண்டாக்கி வைத்த தூரமேயாகும்.

இக்காட்டில் கையால் வேலை செய்கிறவர்களைப்பற்றிச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. கிள்ளைப் பகுதியில் வாழும் இருளர்கள் ஒருகாலத்தில் உள்நாட்டில் வயல் எலியும் பாம்பும் பிடித்து ஜீவனம் செய்தவர்கள். கழிக்கு வந்து, வலையும் படகும் இல்லாமலே நீர்த்தொழில் கற்றார்கள். மார்பளவு நீரில் பெண்கள் வரிசையாக நகர்ந்துசெல்வதை நான் பலமுறை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றில் துழாவி, விரல் நுனியில் இறால் துள்ளுவதை உணர்ந்த கணத்திலேயே பிடித்துப் பறிக்குள் போட்டுவிடுகிறார்கள். கெளுத்தியின் முள்ளும் ஆளியின் கூரிய ஓடும் அக்கைகளில் தழும்புகளாகப் பதிந்திருக்கும். வெள்ளம் எப்போது ஏறும், எப்போது வற்றும், எந்த வாய்க்காலின் அடியில் சேறு இறுகிவிட்டது, எங்கே இறால் குறைந்துவிட்டது என்பதை அவர்களுடைய விரல்கள் அன்றன்று அறிகின்றன. வியாக்கிரபாதர் வரமாகப் பெற்ற உடம்பை இவர்கள் உழைப்பால் பெற்றிருக்கிறார்கள் என்று நான் சொன்னால், ஸ்தலபுராணத்தில் பக்தியுடைய எவரும் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இவ்வறிவுக்கு உரியவர்களின் நிலைமை என்ன? இருளர் தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றவர்கள். மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு தனியே வகுத்துள்ள ஆறு பிரிவுகளுள் அவர்களும் ஒரு பிரிவினர். ஆயினும், பழைய தென்னார்க்காட்டு மாவட்டம் முழுவதிலும், தாம் இருளர் என்பதற்கு ஒரு சாதிச் சான்றிதழ் பெறுவதற்கே அவர்கள் தலைமுறைக்கணக்கில் அலைய நேர்ந்தது. திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இதற்காகவே எத்தனையோ ஆண்டுகள் மனு எழுதியும் போராடியும் வந்திருக்கிறார்கள். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடிகளுக்கு அக்காட்டின் மீது உரிமை உண்டென்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் பழங்குடி என்று சொல்லும் காகிதம் இல்லாதவனுக்கு அச்சட்டத்தின் வாசல் எளிதில் திறப்பதில்லை.

அவர்களுடைய கைத்திறனுக்கு மதிப்பளித்தால் என்ன விளையும் என்பதற்கு மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள வடநெம்மேலி சாட்சி. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அதையடுத்துப் பாம்புத்தோல் வாணிகம் நின்றபோது, அதை நம்பியிருந்த இருளர் குடும்பங்கள் பட்டினியின் விளிம்புக்கு வந்தன. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் துணையோடு 1978-இல் அமைந்த இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்துவிட்டுப் பாம்புகளை மீண்டும் வெளியே விடுகிறது. பாம்புக் கடிக்கு நம் மருத்துவமனைகளில் ஏற்றுகிற மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி நெடுங்காலம் அங்கிருந்தே சென்றது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருளர் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

மாசிமகத்தன்று இந்த மக்களின் உறவுகள் அனைத்தும் ஒன்றுகூடித் தெரியும். வடக்கே மாமல்லபுரத்துக் கடற்கரையில் இருளர்கள் திரண்டு, கன்னியம்மனை வணங்கி, மணலிலேயே திருமணங்களும் நடத்துவார்கள். அதே பருவத்தில் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் நெடுந்தூரம் எழுந்தருளிக் கிள்ளைக் கடற்கரையில் தீர்த்தவாரி காண்பார். வழியில் கிள்ளை தைக்காலில் முஸ்லிம் பெருமக்கள் அவரை எதிர்கொண்டு மரியாதை செய்வது நீண்ட காலத்து வழக்கம். கடலுக்குள் ஆழ்ந்த பூமியைக் கொம்பால் ஏந்தி வெளிக்கொணர்ந்த வராகம், கடலும் மண்ணும் இன்னும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாத ஒரு கரைக்கு ஆண்டுதோறும் வருகிறது. பொன்பீபியின் காட்டில் காண்கிற அந்த இணக்கம் நம் கரையிலும் இருக்கிறது. அதை ஓர் அதிசயமாக எவரும் பேசுவதில்லை என்பதே அதன் உறுதிக்குச் சான்று.

இன்றைய அபாயம் கோடரியால் வருவது அன்று. காவிரியின் நன்னீர் கொள்ளிடத்தின் வழியாகவும் வாய்க்கால்களின் வழியாகவும் வந்து கடல்நீரோடு கலந்தால்தான் இக்காடு செழிக்கும். 1836-இல் கீழணை எழுந்ததும், 1934-இல் மேட்டூர் அணை எழுந்ததும், வயல்களுக்குப் பெரு நன்மை செய்தன. கழிக்கு வரும் நன்னீரோ வடிகால் நீராகவும் வெள்ளகாலத்து மிச்சமாகவும் குறைந்தது. அதிக உப்பைத் தாங்கும் வெண்கண்டல் எங்கும் பரவ, நன்னீரை விரும்பும் இனங்கள் அருகிவிட்டன. சின்னவாய்க்கால் முகத்துவாரத்தில் மணல் அடைக்கும்போது வெள்ளம் ஏறுவதும் வடிவதும் தடைப்படுகின்றன. 2022-இல் பிச்சாவரம் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் 1,478 ஹெக்டேர் பரப்புள்ள பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது நமக்குப் பெருமை. 1975-இல் வெளிவந்த ‘இதயக்கனி’ படம் இங்கே எடுக்கப்பட்ட நாள் தொட்டு வளர்ந்துவந்த உல்லாசப் படகுப் பயணமும் பலருக்குப் பிழைப்பைத் தருகிறது. ஆனால் பயணிகள் காண்பது நன்றாகப் பராமரிக்கப்படுகிற சில வாய்க்கால்களை. மீன்முள் வாய்க்கால்கள் தூர்ந்துபோகிற இடங்களுக்குப் படகு செல்வதில்லை. வெட்டிய வாய்க்காலைத் தொடர்ந்து தூர்வாராவிட்டால் பழைய தட்டு மறுபடி உண்டாகும், பழைய உப்பு மறுபடி சேரும்.

ஆகவே இச்சபையின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து என் உரையை நிறைவு செய்கிறேன். முதலாவது, வாய்க்கால் தூர்வாரும் வேலையை ஆண்டுதோறும் செய்யவேண்டிய நிரந்தரப் பணியாக்கி, அதைக் கிள்ளைப் பகுதி இருளர்களுக்கும் மீனவர்களுக்கும் கூலியோடு ஒப்படைக்க வேண்டும். இரண்டாவது, பேராசிரியர் சேஷய்யா காலம்தொட்டுப் பரங்கிப்பேட்டையில் கழியை ஆராய்ந்துவருகிற, தான் கண்ட ஒரு சுரபுன்னைக் கலப்பினத்துக்கு ‘அண்ணாமலையானா’ என்று தன் பெயரையே சூட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், பறி கவ்வித் துழாவுகிற பெண்களைத் தகவல் கொடுப்போராக மட்டும் நடத்தாமல், உடன் ஆராய்வோராக ஏற்று, அவர்கள் அறிந்த சேற்றின் வகைகளையும் இறாலின் பருவங்களையும் அவர்கள் பெயரிலேயே பதிவு செய்ய வேண்டும். மூன்றாவது, இந்நகரத்துப் பள்ளிக் குழந்தைகள் ஒவ்வொருவரும் படிப்பை முடிக்குமுன் ஒரு முறையேனும் பிச்சாவரம் சென்று, பால் படாத தூரத்தில் நின்று, தில்லை மரத்தைப் பார்த்துவர ஏற்பாடு செய்ய வேண்டும். வழிகாட்டியாக ஓர் இருளர் பெரியவர் உடன் வரட்டும், அவருக்குரிய சம்பாவனையை நாமே திரட்டித் தருவோம்.